என் தம்பி பிரெஞ்சுக்காரன்

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடலைப் பார்க்கப் போவார்கள். நம் பக்கத்தில் மதுவிலக்கு இருப்பதால் சிலர் வேறு காரியமாகவும் போவார்கள். நான் என் தம்பியைப் பார்த்துப் பொறாமைப்படப் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் யாரும் என்னை நல்லவன் என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

அறுபத்திரண்டாம் வருஷம், டிசம்பர் மாதம். திருச்சியில் ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் உளநூல் நடத்திக்கொண்டிருந்தேன். அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் முருகேசனின் கடிதம் வந்தது. 'அண்ணே, பிப்ரவரிக்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். தனம் கையெழுத்துப் போடு என்கிறாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீ நாலும் படித்தவன். ஒரு நடை வந்து சொல்லிவிட்டுப் போ.' அவ்வளவுதான் கடிதம். தனம் அவன் மனைவி. எழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்தது, ஏனென்றால் என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும்.

எழுதிக் கொடுக்க வேண்டிய விஷயம் இதுதான். புதுச்சேரியில் எட்டு வருஷமாக நம் கொடி பறந்தாலும், சட்டப்படி அந்த வருஷம் ஆகஸ்டில்தான் பிரெஞ்சுக்காரர்கள் ஊரை முழுசாக விட்டுக்கொடுத்தார்கள். அங்கேயே பிறந்து பிரெஞ்சுப் பிரஜையாக இருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் 'நான் பிரெஞ்சுக்காரனாகவே இருக்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தால் அப்படியே இருக்கலாம். பேசாமல் இருந்தால் இந்தியர். அப்பா எப்படியோ, சின்னப் பிள்ளைகளும் அப்படியே.

கூடப் பிறந்த நான் மட்டும் எப்படி இதில் சேராமல் போனேன் என்று கேட்பீர்கள். எல்லாம் தலைப்பிரசவத்தால் வந்த வினை. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது நம் வழக்கம். அம்மாவின் தாய்வீடு வளவனூர்ப் பக்கம். அது எல்லைக்கு வெளியே, இங்கிலீஷ்காரன் மண். அங்கே நான் பிறந்தேன். அப்பா புதுச்சேரியில் மில் தொழிலாளி. வெளியே பிறந்த பிள்ளையை மேரிக்கு, அதாவது நகரசபை அலுவலகத்துக்குப் போய்ப் பதிய வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற வழக்கம் இல்லையே! ஆகவே தம்பி முத்தியால்பேட்டையில் அப்பா வீட்டிலேயே பிறந்தான். மூன்றாம் நாளே அவன் பெயர் பிரெஞ்சு அரசாங்கத்தின் பதிவேட்டில் ஏறிவிட்டது.

அதோடு போயிற்றா? பிள்ளை இல்லாத தாய்மாமன் ஐந்து வயதில் என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தம்பிக்கு அம்மா, அப்பா, கடல், பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் எல்லாம் கிடைத்தது. எனக்கு மாமனும் மாமனுடைய மாடுகளும் கிடைத்தார்கள். லீவுக்குப் போகும்போது எல்லைச் சாவடியில் சுங்கக்காரன் என் துணிப்பையை உதறிப் பார்ப்பான். பெற்ற தாயைப் பார்க்க வெளிநாடு போய் வந்த பிள்ளை நான்.

இந்தக் கோளாறை வைத்துக்கொண்டுதான் நான் உளநூல் படித்தேனோ என்னவோ. 'தான்' என்பது என் வகுப்பில் ஒரு வாரப் பாடம். ஞாபகங்களின் கோவைதான் 'நான்' என்பார்கள் சிலர். மற்றவர்கள் நம்மைப் பார்க்கிற பார்வையில்தான் 'நான்' உருவாகிறது என்பார்கள் சிலர். மனிதன் இடத்துக்கு இடம் வேஷம் கட்டுகிறான், வேஷத்துக்கு அடியில் தனியாக ஆள் கிடையாது என்று சொல்லிப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு. மூன்றையும் பலகையில் எழுதிப் போடுவேன், மணி அடித்ததும் வெளியே வந்துவிடுவேன். இதில் எது சரி என்று ஒரு மாணவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

முதல் நாளே சகுனம் சரியில்லை. கொட்டுகிற மழையில் பஸ்ஸின் கூரைமேல் போட்ட என் பெட்டி தொப்பலாக நனைந்துவிட்டது. கண்டக்டர் தார்ப்பாயை எடுத்து யாரோ ஒருவருடைய வெல்ல மூட்டைக்குப் போர்த்தியிருந்தார். நியாயம் கேட்டேன். "வெல்லம் கரைஞ்சிடும் சார், பொட்டி கரையுமா?" என்றார். பெட்டி கரையவில்லை. உள்ளே தம்பிக்கு எடுத்துச் சொல்வதற்காகக் கொண்டுபோன 'தான்' பாடக் குறிப்புகள்தான் மை கரைந்து ஒரே நீலமாகப் போயிருந்தன.

பழைய சாவடி இருந்த இடத்தில் பஸ் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. யாராவது ஏறி என் பையை உதறிப் பார்ப்பார்கள் என்று பாழாய்ப்போன மனசு எதிர்பார்த்தது. ஒருவரும் ஏறவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

இறங்கி ஒரு சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தேன். உப்பளம் போக வேண்டும் என்றேன்.

"உப்பளத்துல யார் வூட்டுக்கு சார்?"

"முருகேசன்னு, நொத்தேர் ஆபீசுல எழுத்தர்." நொத்தேர் என்றால் பத்திரம் எழுதிப் பதிகிற பிரெஞ்சுச் சட்ட அதிகாரி.

"அட, எழுத்தர் ஐயாவா! மின்னாடியே சொல்லக் கூடாதா? எங்க பெரியப்பா சொல்தா சார், பிரெஞ்சுப் பட்டாளத்துல இந்தோசீனா வரைக்கும் போயி வந்தவரு. அவருக்கு இந்தப் பிரஜை மனு எழுதிக் குடுத்ததே எழுத்தருதான். நீங்க அவருக்கு இன்னா வேணும்?"

"அண்ணன்."

பெடலை நிறுத்தித் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "கூடப் பொறந்தவரா?"

"கூடத்தான் பொறந்தேன்."

"ஜாடையே இல்லியே சார்!"

அவர் சொல்லி வாயை மூடவில்லை, சங்கிலி கழன்றுகொண்டது. மிச்ச தூரம் முழங்கால் தண்ணீரில் அவர் முன்னால் இழுக்க, நான் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். நூல் பிடித்தது போன்ற அந்தத் தெருக்கள் எங்கே நின்று பார்த்தாலும் கடைசி வரைக்கும் தெரிந்தன. எங்கள் திருச்சியில் மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள சந்துகளில் ஒருவன் வண்டி தள்ளினால் எதிர் வீட்டுக்காரனுக்குக்கூடத் தெரியாது. இங்கே நான் ரிக்‌ஷா தள்ளியதைத் தெருவே பார்த்தது.

முருகேசன் வாசலுக்கு ஓடி வந்தான். வீட்டுக்குள்ளேயே ஷூ போட்டிருந்தான். வயது முப்பத்தாறு, தலையில் ஒரு நரை இல்லை. எனக்கு முப்பத்தெட்டு; முன்பக்கம் முழுக்க மைதானம். "அண்ணே!" என்று கட்டிக்கொண்டான். அவன் மேல் சென்ட் வாசனை அடித்தது. என் மேல் வெல்ல மூட்டை வாசனை.

தனம் துண்டு கொடுத்தாள். அவள் கண்டிப்பான பெண், சிரிப்பையும் அளந்துதான் சிரிப்பாள். மகள் வசந்தா பதினொரு வயதுக்காரி. "பொன்ழூர், பெரியப்பா" என்றாள். அது பிரெஞ்சில் வணக்கமாம். நான் திருவள்ளுவர் காலத்து ஆள் மாதிரி "வணக்கம், வணக்கம்" என்று இரண்டு தரம் சொன்னேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முழ நீளத்தில் ரொட்டி. நம் பக்கத்தில் காய்ச்சல்காரனுக்குத்தான் ரொட்டி வாங்குவோம், அது பஞ்சு போல இருக்கும். இது விறகு. மேலோடு ஈறைக் கிழித்து ரத்தமே வந்துவிட்டது. "குழம்புல நனைச்சுத் தின்னுண்ணே" என்றான் தம்பி. வசந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நனைத்துத் தின்றேன். சும்மா சொல்லக் கூடாது, மீன் குழம்புக்கு அதுபோல ஒன்று கிடையாது. அதையும் இத்தனை வருஷமாக இவன் ஒருத்தனே தின்றுகொண்டிருந்திருக்கிறான்.

இரண்டாம் நாள் மழை விட்டிருந்தது. கடற்கரைச் சாலையில் காலாற நடக்கலாம் என்று தம்பி கூட்டிப் போனான். அங்கேதான் எனக்கு நன்றாகவே வயிறு எரிய ஆரம்பித்தது. பத்தடிக்கு ஒருவர் அவனை நிறுத்தினார். ஒரு வெள்ளைக்காரக் கிழவி "மொஸ்யே முருகேசன்", அதாவது திருவாளர் முருகேசன், என்பதை ஏதோ சென்ட் பெயர் மாதிரி உச்சரித்தாள். குருசுக்குப்பத்து மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு "எழுத்தரு ஐயா, எங்க வூட்டுக்காரருது இன்னா ஆச்சு?" என்றாள். ஒரு போலீஸ்காரர் "குரு!" என்று கூப்பிட்டுச் சலாம் வைத்தார், இவன் அவருக்கு மாலையில் பிரெஞ்சு சொல்லித் தருகிறானாம். கோயில் குருக்கள் "முருகா" என்றார். பள்ளிக்கூடத்துப் பழைய சிநேகிதன் எதையோ சொல்லிக் கூப்பிட்டான். அதற்கு என்ன அர்த்தம் என்று தம்பி கடைசிவரை சொல்லவில்லை.

என் பாடத்தில் ஒன்று வரும்: ஒருவனை எத்தனை பேர் அறிந்திருக்கிறார்களோ அவனுக்கு அத்தனை 'நான்' உண்டு. வகுப்பில் இதைச் சொல்லும்போது சுலபமாக இருக்கும். கடற்கரையில் எண்ணிக்கொண்டே போனால் தெரியும் வேதனை. தம்பிக்கு அந்த ஒரு சாலையிலேயே ஏழெட்டுப் பேர் தேறினார்கள். எனக்கு மொத்தமே ஒன்றுதான், 'சார்'. வீட்டில் என் மனைவிகூடப் பிள்ளைகளிடம் "சார் வந்தாச்சா பாரு" என்றுதான் கேட்பாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த வயசான பென்ஷன்காரர் ஒருவர் தம்பியோடு வெகுநேரம் பிரெஞ்சில் பேசினார். இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். தம்பிக்குக் குரலே மாறிவிட்டது. உதட்டைக் குவித்து, தோளைத் தூக்கி, யாரோ ஒரு அந்நிய ஆள். நடுவில் கிழவர் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். இவன் சிரித்தான்.

"என்னடா சொன்னார்?" என்றேன்.

"அங்க குளிர் தாங்காது, இப்பவே கம்பளிச் சட்டை போட்டுப் பழகுன்னார்."

"என்னைக் காட்டிச் சொன்னாரே, அது?"

"அது ஒண்ணுமில்லண்ணே."

"சொல்லுடா."

"'இவர் உன் அப்பாவா?'ன்னு கேட்டார்."

திரும்பி வரும் வழியில் நான் பத்தடி முன்னால் நடந்தேன். ஓட்டலில் காப்பி வாங்கிக் கொடுத்தான். காப்பி நன்றாக இருந்தது, அதுவும் பிடிக்கவில்லை.

அன்று மாலை தம்பி, தான் மாட்டிக்கொண்டிருக்கும் சங்கடத்தை விவரமாகச் சொன்னான். பிரெஞ்சுச் சட்டம் போய் நம் சட்டம் வர வர, நொத்தேர் ஆபீசில் வேலை தேய்ந்துகொண்டே வருகிறதாம். இன்னும் ஒரு வருஷம் ஓடினால் பெரிசு. தனத்தின் அண்ணன் கன்னியப்பன் பட்டாளத்தில் சேர்ந்து தூலோன் என்கிற துறைமுகப் பட்டினத்தில் இருக்கிறார். அங்கே ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். பிரெஞ்சுப் பிரஜையாக இருந்தால்தான் வேலை. வசந்தாவுக்கும் அங்கே படிப்பு. ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்த மகாராஜன், தன் மனுவையும் எழுதிப் பையில் வைத்திருந்தான். கையெழுத்து மட்டும் போடவில்லை. நாளை மறுநாள் இரண்டு விதவைகளின் மனுக்களைக் கொடுக்க பிரெஞ்சு அலுவலகத்துக்குப் போக வேண்டும், தன்னுடையதையும் அன்றே கொடுப்பதாக ஏற்பாடு.

"நீ சொல்லுண்ணே, போடட்டுமா வாணாமா?"

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன். என்ன சொல்லப் போகிறேன் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

மூன்றாம் நாள் மறுபடி மழை. வெளியே போக முடியவில்லை. வஞ்சிர மீன் வறுவலும், வெள்ளைக்காரப் பாணியில் மசாலாவைக் குறைத்துச் செய்த ஆட்டுக்கறியும் பண்ணியிருந்தாள் தனம். வயிறாரச் சாப்பிட்டேன். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து, சாப்பாடு போட்டவள் குடும்பத்திலேயே கை வைத்தேன்.

குறிப்புகள் நனைந்து போனால் என்ன? இத்தனை வருஷம் நடத்திய பாடம் வாயில் தானாக வந்தது. "இதோ பாருடா, 'நான்'னா என்ன? உடம்பா? ஞாபகம். உன் ஞாபகமெல்லாம் இந்த மண்ணுல இருக்கு. அங்க போய் என்னத்தை நெனச்சுக்குவே? இன்னொண்ணு கேளு. மனுஷன் அடுத்தவன் கண்ணுலதான் இருக்கான். இங்க எழுத்தர் ஐயா, குரு, மொஸ்யே எல்லாம் நீ. அந்த ஊர்ல உன்னை யாருக்குத் தெரியும்? கறுப்பா ஒரு ஆளு வந்திருக்கான்னு பாப்பாங்க, அதோட சரி. உன்னைத் தெரிஞ்ச கண்ணே இல்லாத ஊர்ல நீ யாருடா?"

அதோடு விட்டேனா? சீனாக்காரன் எல்லைக்குள் வந்து நின்ற வருஷம் இது, இந்தச் சமயத்தில் இந்தியன் இல்லை என்று எழுதிக் கொடுப்பாயா என்றேன். மாமன் வீட்டில் நான் தேசபக்தனாக வளர்ந்ததை, ஏதோ நானே கேட்டு வாங்கி வளர்ந்த மாதிரி சொன்னேன். பேசப் பேச எனக்கே ஆவேசம் வந்தது. என் வகுப்பில் நான் அவ்வளவு நன்றாக ஒரு நாளும் பேசியதில்லை.

தம்பியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் எழுந்து, "சரிண்ணே. போடல. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். குடையை எடுத்துக்கொண்டு, வசந்தாவை டியூஷனிலிருந்து கூட்டிவரப் போய்விட்டான்.

ஜெயித்துவிட்டேன். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். இனி இவனும் என்னைப் போல ஆகிவிடுவான் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி. இப்படிப்பட்ட பாவி நான்.

தனம் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

"மாமா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளும்மா."

"இப்ப சொன்னீங்களே, அது அவருக்காகச் சொன்னீங்களா, உங்களுக்காகச் சொன்னீங்களா?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"எனக்குப் பெரிய படிப்பு இல்லிங்க. நீங்க சொன்ன ஞாபகம், கண்ணு, அதெல்லாம் எனக்கு வெளங்கல. அடுத்த வருஷம் அந்த ஆபீசு மூடினா அடுப்பு எப்படி எரியும்னு நீங்க சொல்லவே இல்லியே. அவரு உங்க பேச்சைத் தட்ட மாட்டாரு. அது தெரிஞ்சே சொன்னீங்க."

"அப்படியெல்லாம் இல்லம்மா..."

"வந்ததுலேருந்து பாக்கறேன் மாமா. அவரு ஷூவைப் பாக்கறீங்க, முடியைப் பாக்கறீங்க, ரோட்டுல அவரை யாராவது கூப்பிட்டா மூஞ்சியைத் திருப்பிக்கிறீங்களாம், அவரே சொன்னாரு. எங்க தங்கச்சி என்னை அப்படித்தான் பாப்பா. பொறாமை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்." குரல் உயரவே இல்லை. "காப்பி கொண்டாரேன்" என்று உள்ளே போனாள்.

அவள் கொண்டுவந்த காப்பியை நான் தலை நிமிராமல் குடித்தேன். உளநூல் சொல்கிறது, மனிதன் தன் கெட்ட எண்ணத்தைத் தனக்கே தெரியாமல் மறைத்துவைப்பான் என்று. பொய். எனக்கு நன்றாகத் தெரிந்தே இருந்தது. அடுத்தவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் காலை நான் ஊருக்குக் கிளம்பினேன். தம்பி என்னை பஸ் ஏற்றிவிடுவதாகவும், போகிற வழியில் அந்த இரண்டு மனுக்களைக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னான். தனம் வாசல் வரை வந்தாள். "போய்ட்டு வாங்க மாமா" என்றாள். மரியாதையில் குறை வைக்கவில்லை. அவள் கண் சிவந்திருந்தது. வசந்தா எனக்காக ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். "நனைச்சுச் சாப்பிடுங்க பெரியப்பா" என்றாள்.

அலுவலகத்தின் முன்னால் வரிசை நின்றது. பட்டாளத்துப் பதக்கங்களைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்த கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், மில் சட்டையோடு ஒருவர். இரண்டு விதவைகளும் வந்து தம்பிக்குக் கும்பிடு போட்டார்கள். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"நீ போட்டுட்டியா?"

"நான் போட்டுட்டேன். எங்க அண்ணன் போடல. அப்பன் செத்தா கொள்ளி வைக்க ஒருத்தன் ஊர்ல இருக்கணும்ல."

 தம்பியின் முழங்கையைப் பிடித்து எதிரே இருந்த மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"முருகேசா, நேத்து நான் சொன்னதெல்லாம் பொறாமைல சொன்னதுடா."

"தெரியும்ணே" என்றான்.

"எது தெரியும்?"

"பொறாமைன்னு. சின்ன வயசுலேருந்தே தெரியும். லீவுக்கு வருவியே, அம்மா எனக்குச் சோறு போடறதை நின்னு பாத்துட்டே இருப்ப. என் சிலேட்டைத் தடவிப் பாப்ப. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமாடா என் பேச்சைக் கேட்ட?"

அவன் செருப்புக்கடைக்காரன் போல என் காலையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அதனாலதான் கேட்டேன். நீ சொன்னது எல்லாத்துலயும் ஒண்ணு மட்டும் எனக்குச் சுருக்குனு தச்சிடுச்சு, அடுத்தவன் கண்ணுலதான் மனுஷன் இருக்கான்னு சொன்ன பாரு. ஊர்ல என்னைக் கும்பிடறாங்க, மனு எழுதி வாங்கற வரைக்கும். ஆபீசுல நான் இருபது வருஷமா நின்னுக்கிட்டே பேசறவன். தனத்துக்கு நான் துப்பில்லாதவன், அவ வாயால சொல்ல மாட்டா. என்னைப் பெரிய ஆளுன்னு நெனச்சது இந்த ஒலகத்துல நீ ஒருத்தன்தாண்ணே. நீ வரேன்னு கடுதாசி வந்தா அன்னிக்கே ஷூவுக்குப் பாலீஷ் போடுவேன். அந்த ஷூவை நான் வூட்டுக்குள்ள போடற வழக்கமே இல்லண்ணே, நீ வரேன்னு போட்டுக்கிட்டேன். தூலோன்ல என்னைப் பாத்து யாருண்ணே பொறாமைப்படுவா?"

 இந்தத் தடியனைப் பார்த்து முப்பது வருஷமாகப் பொசுங்கிக்கொண்டிருந்தேன்; இவன் அந்தச் சூட்டில் குளிர்காய்ந்துகொண்டிருந்திருக்கிறான். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் முதலில் வெளியே வந்தது. பதக்கம் குத்திய ஒரு கிழவர் எங்களை வேடிக்கை பார்த்தார்.

"உன் மனு எங்கடா?"

"பையிலதான் இருக்கு. நேத்தே கிழிச்சுப் போடலாம்னு பாத்தேன், கை வரல."

"எடு. போய்க் கையெழுத்துப் போடு."

"அண்ணே..."

"போடா! எவ்வளவு தூரம் போனா என்ன? நான் திருச்சியில உக்காந்துக்கிட்டே பொறாமைப்படறேன். வாரம் தவறாம படறேன். நீ எழுது. என்ன தின்ன, என்ன சட்டை போட்ட, உன்னை எவன் எவன் மொஸ்யேன்னு கூப்பிட்டான், ஒண்ணு விடாம எழுது. அந்த எழவெடுத்த அழகான கையெழுத்துலயே எழுது. நான் படிச்சுப் படிச்சு வயிறெரியறேன். உன் மேல பொறாமைப்பட என்னை விட்டா வேற ஆளு கெடைக்க மாட்டான்டா, நான் விட மாட்டேன்."

"நெஜமாவா?"

"என் பிள்ளைங்க மேல சத்தியம்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றான். இரண்டு விதவைகளையும் முன்னால் விட்டான். நான் மரத்தடியிலேயே நின்றேன். அந்த வாசலுக்குள் போக எனக்கு உரிமை உண்டா இல்லையா என்று யாரையும் கேட்கவில்லை. இனி இவனைப் பார்க்க வேண்டுமானால் கப்பல் ஏற வேண்டும், அது என் சம்பளத்தில் நடக்காது என்பது அங்கே நின்றபோதுதான் முழுசாக உறைத்தது. என் பஸ் போய்விட்டது. அடுத்தது மத்தியானம்தான்.

வெளியே வர ஒரு மணி நேரம் ஆயிற்று. விரலில் மை. மனுவின் நகல் காகிதம் ஒன்றை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தண்ணீர்க் குட்டையெல்லாம் தாண்டித் தாண்டி என்னிடம் வந்தான். காகிதத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினான். பிரெஞ்சில் என்னென்னவோ எழுதியிருந்தது. அடியில் அவன் கையெழுத்து, சுழித்துக் கோடிழுத்து, அவ்வளவு அழகாக இருந்தது. என்னால் படிக்க முடிந்தது அது ஒன்றைத்தான்.

"எப்படிண்ணே இருக்கு?" என்றான். "எரியுதா?"

"எரியுதுடா" என்றேன். சத்தியமாக எரிந்தது.